கோபக்காரியின் முப்பத்தொரு விதைகள்

அக்கா அனுப்பிய விதை உறையைக் கையில் வாங்கியதும் ஸ்பானர் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். விதைகள் உருளும் சத்தம் வரவில்லை. மணல் சரிகிற மாதிரி மெல்லிய ஓசைதான் கேட்டது.

உறையின் குறுக்கே, முகவரிக்குச் சற்றுக் கீழே, விரல் அகலத்துக்கு ஒரு பட்டை அழுந்தியிருந்தது. அந்தப் பட்டைக்குள் காகிதம் நசுங்கிப் பளபளத்தது. அங்கங்கே எண்ணெய் ஊறியது போல மஞ்சள் பொட்டுகள். வேறு யாராவது பார்த்திருந்தால் தபால்காரர் பைக்குள் வைத்து அழுத்திவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். ஸ்பானருக்கு அப்படி நினைக்க வழியில்லை. அழுத்தியது எந்த மெஷின் ரோலர் என்று அவருக்குத் தெரியும்.

அவர் வேலை பார்த்தது தபால் பிரிக்கும் நிலையத்தில். கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிற பெரிய மெஷின் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் இருபத்தாறு வருஷமாக அவர் பொறுப்பு. மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா செருகுகிற இடத்தில் அவர் எட்டாம் நம்பர் ஸ்பானரைச் செருகியிருப்பார். அதனால் எல்லாருக்கும் அவர் ஸ்பானர்தான். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. அந்த மெஷினில் கடிதங்கள் விளிம்பில் நின்றபடி, இரண்டு ரப்பர் பெல்ட்டுகளுக்கு நடுவே மணிக்கு முப்பதாயிரம் என்ற கணக்கில் பறக்கும். மூன்றாவது வளைவில் இரண்டு ரோலர்கள் உறையைப் பிடித்துத் திருப்பிவிடும். போன திங்கட்கிழமை அந்த இடத்தில் கடிதங்கள் வழுக்குகின்றன என்று புகார் வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ரோலர்களின் இடைவெளியைக் குறைத்தவர் அவர்தான். உறையின் மேலிருந்த முத்திரையில் புதன்கிழமை என்றிருந்தது.

உறையைக் கிழிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு மனைவி வரும்வரை காத்திருந்தார். அவள் மருந்துக் கடையில் வேலை செய்பவள். செருப்பைக் கழற்றும்போதே அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, யாருக்கு என்ன?"

"அக்கா விதை அனுப்பிருக்கா. கவர்ல."

"டப்பாவுல போட்டுத்தானே அனுப்பச் சொன்னீங்க?"

"சொன்னேன். அவளால படி இறங்க முடியலையே. பேப்பர் போடறவர்கிட்ட குடுத்துப் போடச் சொல்லிருக்கா."

மனைவி கைகழுவிவிட்டு, வீட்டில் கிடந்த பழைய மாத்திரை எண்ணும் தட்டையும் அதற்கான தட்டைக் கரண்டியையும் எடுத்து வந்தாள். உறையின் ஓரத்தைக் கத்தரித்துத் தட்டில் கவிழ்த்தாள். முதலில் கடிதம் விழுந்தது. அதன் மடிப்புக்குள்ளிருந்து வெளிர்மஞ்சள் தூள் கொட்டியது. தூளுக்கு நடுவே பாதி விதைகள், கால் விதைகள், ஒன்றிரண்டு முழு விதைகள். காரம் மூக்கில் ஏறி இரண்டு பேரும் தும்மினார்கள்.

கடிதத்தில் அக்காவின் நேர்த்தியான கையெழுத்து. "தம்பிக்கு, முப்பத்தொரு விதை இருக்கிறது. இரண்டு தடவை எண்ணினேன். என்னிடம் ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. இங்கே வைத்து என்ன செய்ய, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஆழமாகப் புதைக்காதே. எதுவானாலும் உன் பெண்டாட்டியைக் கேட்டுச் செய், உனக்கு அவசரம் ஜாஸ்தி."

மனைவி கரண்டியால் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். தூளாகவும் துண்டாகவும் போனவை பதினேழு இருக்கலாம் என்று கணக்குப் போட்டாள். கீறல் விட்டவை ஒன்பது. முழுசாகத் தெரிந்தவை ஐந்து. அந்த ஐந்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"இதுலயும் ரெண்டு போச்சுங்க. இங்க பாருங்க, முடி மாதிரி கோடு ஓடுது."

அவர் பார்க்கவில்லை.

அந்த மிளகாய் எந்தக் கடையிலும் கிடைக்காது. அக்கா பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில், அவள் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியில் ஓர் உடைந்த தொட்டியில் தானாக முளைத்தது. மஞ்சளாக, கிழவி விரல் மாதிரி சுருங்கிப்போய்க் காய்த்தது. கடித்தால் முதலில் இனிக்கும். "இது மிளகாயே இல்லையே" என்று சொல்லி முடிப்பதற்குள் காது இரண்டும் சூடாகிவிடும். அக்கா அதற்குக் கோபக்காரி என்று பெயர் வைத்தாள். வருஷா வருஷம் நல்ல செடியாகப் பார்த்து, பக்கத்து வீட்டு மிளகாயோடு கலந்துவிடாமலிருக்கப் பூக்கள்மேல் குட்டித் துணிப்பைகளைக் கட்டி, பதினோரு வருஷம் அந்த ருசியை மாறாமல் காப்பாற்றினாள். ஒரு தடவை அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கல்யாணம் வீட்டுல பாத்தது. வேலை அப்பா சொல்லிச் சேத்துவிட்டது. இது ஒண்ணுதான்டா நானா செஞ்சது."

போன வருஷம் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நாற்பத்திரண்டு நாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் ஸ்பானர். பஸ்ஸில் மூன்று மணி நேரம். இரண்டு தடவை போனார். அதற்குள் நிலையத்தில் புது பெல்ட்டுகள் வந்து இறங்கின, யாருக்கும் விடுப்புக் கிடையாது என்றார்கள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் போய் மொட்டைமாடிக் கதவைத் திறந்தபோது பதினான்கு தொட்டியிலும் குச்சிகள்தான் நின்றன. "இந்த வருஷ வெயிலை எதுவும் தாங்கலக்கா" என்று அவளிடம் சொன்னார். அவள் எதுவும் கேட்கவில்லை. அக்கா மகள் அந்தப் பழைய வீட்டைக் காலி செய்து அம்மாவைத் தன் ஃப்ளாட்டுக்குக் கூட்டிப்போனாள். சாமான் ஒழித்தபோது பழைய விதை டப்பாவும் குப்பையோடு போனது. மிஞ்சியது, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அக்கா காயவைத்திருந்த ஒரே ஒரு பழம்.

அந்தப் பழம்தான் இப்போது மாத்திரைத் தட்டில் கிடந்தது.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"வந்துதாடா?"

"வந்துதுக்கா."

"முப்பத்தொண்ணும் இருக்கா?"

அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"இருக்குக்கா."

"நல்லதாப் போச்சு. கவர்ல போட்டதுக்கு நீ திட்டுவேன்னு நெனச்சேன்."

போனை வைத்ததும் மனைவி சொன்னாள்: "உங்க அக்காகிட்ட ஏன் மறைக்கறீங்க? இன்னிக்கு சொன்னா ஒரு வருத்தம். தள்ளிப்போட்டா ரெண்டு."

"மூணு முழுசா இருக்குல்ல. ஒண்ணு பொழச்சாக்கூடப் போதும். அப்புறம் சொல்லிக்கலாம்."

ஈரமாக்கிய காகிதத்தில் பதினான்கு விதைகளையும் வரிசையாக வைத்து மடித்து, ஜிப் உள்ள பிளாஸ்டிக் பைக்குள் போட்டார்கள். வீட்டில் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிற இடம் இன்டர்நெட் பெட்டியின் தலைதான் என்று கண்டுபிடித்து அதன்மேல் வைத்தார்கள். வேலையிலிருந்து வந்ததும் ஸ்பானர் சட்டையைக்கூட மாற்றாமல் பையை விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஐந்தாம் நாள் கீறல் விட்ட விதைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் பூஞ்சை கிளம்பியது. மனைவி கடையிலிருந்து புண் கழுவுகிற மருந்து வாங்கி வந்து, தண்ணீரில் கலந்து, எல்லாவற்றையும் கழுவினாள். இரண்டு நாள் அடங்கியது. பிறகு மறுபடி வந்தது. எட்டு விதைகளை எடுத்து எறிந்தார்கள்.

பத்தாம் நாள் மிஞ்சிய ஆறில் மூன்று விதைகள் வெள்ளையாக வேர் நீட்டின. ஸ்பானர் மனைவியைக் கூப்பிட்ட குரலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். ஒன்றின் வேர்நுனி மறுநாளே பழுப்பாகி அழுகியது. மற்ற இரண்டையும் காகிதக் கப்பில் மண் நிரப்பி நட்டார்கள்.

அன்றைக்கு அக்கா கேட்டாள்: "எத்தனை முளைச்சிருக்கு?"

"நாலஞ்சு வந்திருக்குக்கா."

ஏன் அந்த எண் வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

இரண்டில் ஒன்று மண்ணை விட்டு எழுந்தது, ஆனால் விதையின் தோல் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டது. உள்ளே இரண்டு இலையும் விரிய முடியாமல் மூச்சுமுட்டிக் கிடந்தன. மனைவி காலையும் மாலையும் ஒரு சொட்டு நீர் விட்டுத் தோலை ஊறவைத்தாள். "தானா கழண்டுக்கும், கையை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். அது ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு விடுமுறை. இரண்டு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். தண்டு சற்று வளைந்துவிட்டது போலத் தோன்றியது. கசங்கிச் சிக்கிய உறையைக்கூடக் கிழியாமல் பெல்ட்டுக்கு நடுவிலிருந்து உருவத் தெரிந்த கை அது. இடுக்கி எடுத்தார். தோலின் ஓரத்தைப் பிடித்தார். மூச்சை அடக்கிக்கொண்டு லேசாக, மிக லேசாக இழுத்தார். தோல் வந்தது. அதற்குள்ளேயே இரண்டு இலைகளும் வந்துவிட்டன. கப்பில் வெறும் தண்டு நின்றது, தீக்குச்சி மாதிரி.

மனைவி வந்து பார்த்தாள். திட்டவில்லை. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் திட்டியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

மறுநாள் வேலையில் சூப்பர்வைசரிடம் போய் நின்றார்.

"தடிப்பா இருக்கிற கவர்களை முன்னாடியே கையால ஒதுக்கிடலாம் சார். உள்ள ஏதாச்சும் பொருள் இருந்தா நசுங்குது."

"மெஷின் ஓடுதா?"

"ஓடுது."

"நிக்குதா, சிக்குதா?"

"இல்ல சார். நல்லா ஓடுது."

"அப்புறம் என்னப்பா. ஓடறத ஏன் நோண்டற." சூப்பர்வைசர் கெட்ட மனிதரில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு நாளைக்கு ரெண்டு லட்சம் கவர். யாரை நிக்க வெச்சு ஒதுக்கச் சொல்ற? பொருளுன்னா பார்சல்ல போடணும். போர்டு எழுதி வெச்சிருக்கோமே."

அவர் மெஷினிடம் திரும்பிப் போனார். மூன்றாவது வளைவருகே மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். ஒரே சீரான அதிர்வு. நடுவில் எப்போதாவது, தடித்த உறை ஒன்று ரோலருக்குள் போகும்போது, ஒரு சின்ன 'டக்'. இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவர் பொருட்படுத்தியதில்லை. மெஷினுக்கு அது கெடுதல் இல்லை. இப்போது ஒவ்வொரு டக்குக்கும் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். நிறுத்தும் பொத்தான் ஒரு முழம் தள்ளிச் சிவப்பாக இருந்தது. அதை அழுத்தி என்ன ஆகப்போகிறது, போன உறை போய்விட்டது.

அந்த வார விடுமுறையில் அக்காவின் பழைய வீட்டுக்குப் பஸ் ஏறினார். கீழே முடிதிருத்தும் கடை வைத்திருந்தவருக்கு அக்கா வருஷா வருஷம் மிளகாய் கொடுப்பாள். அவரிடம் ஒன்றிரண்டு காய்ந்தது கிடக்கலாம்.

முடிதிருத்துபவர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கத்தியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு வருத்தப்பட்டார்.

"மேல்வீட்டு அம்மா குடுத்ததெல்லாம் அப்பப்பவே சாப்பிட்டுட்டேன் சார். ஒண்ணைக்கூட வீணாக்கல."

"விதை ஏதாச்சும் தூரப் போட்டிருந்தா..."

"விதையைச் சேத்துத்தான் சாப்பிடுவேன். அதுலதானே காரம்."

நாற்காலியில் இருந்தவர் முகம் நிறைய நுரையோடு, "அப்ப செடி அண்ணன் வயித்துலதான் மொளைச்சிருக்கும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

புதிதாகக் குடிவந்தவர்களிடம் அனுமதி கேட்டு மொட்டைமாடிக்குப் போனார். தொட்டிகளைக் கவிழ்த்து மூலையில் அடுக்கியிருந்தார்கள். மண் ஒரு குவியலாகக் கிடந்தது. பழுத்து உதிர்ந்த விதை ஏதாவது அதில் கலந்திருக்கும் என்று ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டார். பஸ்ஸில் கண்டக்டர், "பையில என்ன சார், சிமெண்டா?" என்றார். "மண்ணு" என்றார் ஸ்பானர். கண்டக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த மண்ணைப் பால்கனியில் பரப்பி மூன்று வாரம் நீர் தெளித்தார்கள். புல் வந்தது. நன்றாகவே வந்தது.

மிச்சமிருந்தது ஒரே ஒரு நாற்று. நசுங்கிய விதையிலிருந்து வந்ததால் ஒரு பக்கத்து இலை பாதிதான் இருந்தது. மறுபக்கத்து இலை முழுசாக, நல்ல பச்சையாக இருந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவிலிருந்து அடுத்த இலை வரவேயில்லை. மனைவி பூதக்கண்ணாடியில் பார்த்தாள். குருத்து இருக்க வேண்டிய இடம் மழுங்கி, ஆறிப்போன வடு மாதிரி இருந்தது. நாற்று சாகவும் இல்லை, வளரவும் இல்லை. விளக்கு வைத்தார்கள், உரம் கரைத்து ஊற்றினார்கள், இடம் மாற்றினார்கள். அது அப்படியே நின்றது.

அக்கா போனில் சொன்னாள்: "இந்நேரம் எட்டு இலை வந்திருக்கணுமே. அடுத்த ஞாயித்துக்கிழமை பொண்ணு என்னைக் கார்ல கூட்டிட்டு வர்றேங்கறா. ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்டா."

அவர் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த நாளே அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அக்கா மகளின் ஃப்ளாட்டுக்குப் போனார். அக்கா நடக்க உதவும் நாலுகால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். அவள் இவ்வளவு குள்ளமாகிவிட்டாளா என்று தோன்றியது. உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். உறை, பட்டை, தட்டில் கொட்டிய தூள், இடுக்கி, முடிதிருத்துபவர், எல்லாவற்றையும். ரோலரை இறுக்கியது தான்தான் என்பதையும்.

அக்கா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப அந்த நாலஞ்சு?"

"ஒண்ணுதான்க்கா இருக்கு. அதுவும் வளராது."

"இந்த ஃப்ளாட்டுல இருக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருந்தேன்டா. அஞ்சு செடி இருக்கு, என் தம்பி வளக்கறான்னு." குரல் உயரவில்லை. "நசுங்கினது நசுங்கிப் போச்சு. தினம் போன் பண்ணி உன்கிட்ட இலைய எண்ணிட்டு இருந்தேனே, அதுக்கு என்ன பேரு?"

அக்கா நாலுகால் கம்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தண்ணி ஊத்த வரலன்னும் தெரியும். முடி வெட்டறவரு அப்பவே போன் பண்ணிட்டாரு. வெயிலுன்னு சொன்ன. சரி, சொல்லிட்டுப் போறான்னு விட்டேன்."

வீட்டிலிருந்தே வேலை செய்யும் அக்கா மகள் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, டீ போடவா?" என்றாள். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிறிது நேரம் கழித்து அக்கா, "அந்த மெஷின் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அவர் மேஜையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். பெல்ட்டுகள், வளைவுகள், இரண்டு ரோலர்கள். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் கோட்டைத் தொடர்ந்து போனாள்.

"இங்கயா?"

"அங்கதான்."

"உன்னால அத நிறுத்தியிருக்க முடியாதா?"

"அது வர்றது எனக்கே தெரியாதேக்கா. நான் பக்கத்துலதான் நின்னிருப்பேன். ரெண்டு லட்சத்துல ஒண்ணு."

அவள் மருந்துச் சீட்டைத் திருப்பி, பழையபடி பாட்டிலுக்கடியில் வைத்தாள். "டப்பால போடச் சொன்ன. நான்தான் கேக்கல" என்றாள். அது தனக்குச் சொல்கிற ஆறுதலா, அவளுக்கே சொல்லிக்கொள்கிற குற்றச்சாட்டா என்று அவருக்குப் புரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தார். அவள் கை கம்பியைப் பிடித்திருந்தது.

அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. ஆனால் போன் நிற்கவில்லை. முன்பு போலவே தினம் காலையில் வரும்.

"இருக்கா?"

"இருக்குக்கா."

"புதுசா ஏதாச்சும்?"

"இல்லக்கா."

"சரி."

இப்படி ஐம்பத்து மூன்று நாள் அது ஒன்றரை இலையோடு நின்றது. ஐம்பத்து நான்காம் நாள் முழு இலை ஓரத்தில் மஞ்சளாகியது. நான்கு நாளில் மஞ்சள் உள்ளே பரவி, தண்டு மெலிந்து, ஒரு காலையில் மண்மேல் சாய்ந்து கிடந்தது. ஸ்பானர் தானே போன் செய்தார். இந்தத் தடவை ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடவில்லை.

"போயிடுச்சுக்கா."

அந்தப் பக்கம் தொலைக்காட்சியில் யாரோ வானிலை வாசிப்பது கேட்டது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"எப்ப?"

"காலைல பாத்தேன். இப்பத்தான்."

"சரிடா" என்றாள் அக்கா. பிறகு, "அந்த மண்ணுல வேற எதையாச்சும் போட்டு வை. சும்மா விடாத, இறுகிப் போயிடும்."

"என்ன போடட்டும்?"

"என்னைக் கேட்டா? உனக்குப் புடிச்சதப் போடு."

அவர் வெகுநேரம் பால்கனியில் நின்று யோசித்தார். தனக்கு என்ன பிடிக்கும் என்று ஒன்றும் தோன்றவில்லை. உள்ளேயிருந்து மனைவி, "வேலைக்கு நேரமாகுதுங்க" என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.